ஏரியைத் தாங்கும் மண்

ரேஷன் கடையில் மூட்டையின் வாயில் இருக்கும் அரிசியைப் பார்த்து யாரும் ஏமாறலாம். கரைக்காரம்மா ஏமாற மாட்டார். முழங்கை வரை கையை மூட்டைக்குள் சொருகி, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவார். புதுப் பானை வாங்கினால் உள்ளே கையை விட்டு நாலு பக்கமும் தடவுவார். ஒரு தடவை, நானும் அவரும் வேலை பார்த்த ராணுவ இடத்தில், நான் காய்ச்சல் என்று சொல்லி அரை நாள் லீவு கேட்டேன். வெள்ளைக்கார கேப்டன் பாவம், சரி போ என்று சொல்லிவிட்டார். வாசலில் நின்ற இந்த அம்மா என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"காச்சலும் இல்ல ஒண்ணியும் இல்ல. போய் வேலையப் பாரு பாய்," என்றார்.

அன்றைக்குப் பூந்தமல்லியில் என் சிநேகிதன் கல்யாணம். நான் போகவில்லை. ராத்திரி வரை அந்த அம்மாவை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். வருகைப் பட்டியலில் தினமும் அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் அவருடைய பெருவிரலைப் பிடித்து மை ஒற்றியவன் நான். ஆனாலும் இங்கே எழுத மனசு வரவில்லை. அவருக்காக எழுத வேண்டியதை எழுதவேண்டிய காலத்தில் எழுதாதவன், இப்போது பெயரை மட்டும் எழுதி என்ன ஆகப்போகிறது? எல்லோரும் கூப்பிட்ட மாதிரி கரைக்காரம்மா என்றே சொல்கிறேன். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் எங்கே கசிந்தாலும் முதலில் மண்வெட்டியோடு போய் நிற்கிற குடும்பம் அவருடையது. புருஷன் போன பிறகு அந்த வேலையை இவரே செய்தார். மகன் தலையெடுத்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு போனார்.

யுத்த காலம் அது. ஆவடியைச் சுற்றி ஒரே ராணுவம். முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி, முள்ளும் சரளையுமாகக் கிடந்த பொட்டலில் ஒரு சுடும் மேடு போட்டிருந்தார்கள். ரேஞ்சு என்போம். சிப்பாய்கள் குறி பார்த்துப் பழகுகிற ரேஞ்சு வேறு பக்கம். எங்களுடையதில் வேலை ஒன்றே ஒன்றுதான். எந்தப் பொருள் குண்டைத் தாங்கும், எது தாங்காது என்று பார்ப்பது. செங்கல் சுவர் எழுப்பிச் சுடுவார்கள். பனங்கட்டையை அடுக்கிச் சுடுவார்கள். இரண்டு பலகைக்கு நடுவே கருங்கல் ஜல்லியைக் கொட்டிச் சுடுவார்கள். சுட்டு முடித்து வெள்ளைக் கொடி ஏறியதும் நான் ஓடிப்போய், குண்டு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று இரும்புக் கம்பியை விட்டு அளந்து புத்தகத்தில் எழுத வேண்டும். பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வந்துபோவேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. இங்கிலீஷ் தெரியும் என்கிற மிதப்பு வேறு.

சாதாரணத் துப்பாக்கியோடு பெரிய துப்பாக்கி ஒன்றும் இருந்தது. கிட்டத்தட்ட ஆள் நீளம். முன்னால் கால் முளைத்திருக்கும். டாங்கியின் இரும்பைத் துளைப்பதற்கென்று செய்தது. குண்டு என் கட்டைவிரல் பருமன். அது வெடித்தால் சுடுகிறவனுக்கே தோள்பட்டை இற்றுப்போகும். மேட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் படுத்திருக்கும் எங்கள்மேல் மண் பொலபொலவென்று உதிரும். மூட்டைக்கு மண் நிரப்ப வந்த பெண்கள், மேனாம்பேட்டிலிருந்தும் அயனம்பாக்கத்திலிருந்தும் வந்தவர்கள், காதைப் பொத்திக்கொண்டு குலசாமியைக் கூப்பிடுவார்கள். கரைக்காரம்மா காதைப் பொத்த மாட்டார். தலையைத் தூக்கி, எங்கே புழுதி கிளம்புகிறது என்று பார்ப்பார்.

வந்த முதல் வாரமே என் கம்பியின் மானத்தை வாங்கிவிட்டார். மணல் மூட்டை ஒன்றில் கம்பியை விட்டு, இரண்டேகால் அடி என்று நான் கத்தினேன். கேப்டன் தலையாட்டினார். கரைக்காரம்மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, துளைக்குள் கையை விட்டார். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் கை நின்றது. "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தபடி குண்டை வெளியே இழுத்துப் போட்டார். ஆறாத குண்டு. மூன்று விரல் நுனியும் கன்றிப்போய்விட்டது.

"உன் கம்பி குண்டுக்குப் பக்கத்தால நைசா உள்ள பூந்து போய்கீது பாய். குண்டு இங்கியே நின்னுடிச்சி. கம்பிக்கு இன்னா தெரியும்? அத்து மேல தோலா கீது?" என்றார்.

கேப்டனுக்கு விஷயத்தை இங்கிலீஷில் சொன்னேன், வெட்கத்தோடு. அவர் சிரித்துவிட்டு, இனிமேல் முதலில் அந்த அம்மாவின் கை, பிறகு கம்பி என்று உத்தரவு போட்டார். கரைக்காரம்மாவின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சை குத்தியிருந்தது. மணிக்கட்டின் கிட்டே ஒரு பூ, நடுவில் ஒரு தேள், முழங்கைக்கருகே மூன்று புள்ளி. நான் ஒரு நாள் அவர் கையை மேஜைமேல் நீட்டி வைக்கச் சொல்லி, விரல் நுனியிலிருந்து பூ எத்தனை இஞ்சு, தேள் எத்தனை இஞ்சு, புள்ளி எத்தனை இஞ்சு என்று அளந்து அட்டையில் எழுதி மாட்டினேன். அதற்குப் பிறகு அவர் துளைக்குள் கையை விட்டபடி, "தேளுக்கு ரெண்டு விரல் கீழ," என்று கத்துவார்; நான் அட்டையைப் பார்த்து இஞ்சில் எழுதுவேன். கேப்டன் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தை தேள் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எந்தச் சுவரைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்கிற வழக்கம் அவருக்கு வந்துவிட்டது. எங்கள் ஆபீஸ் சுவரை முட்டியால் தட்டி, "ஒம்போது இஞ்சி. சின்னத் துப்பாக்கிக்கு நிக்கும். பெரிசு வந்தா நீ நாக்காலியோட பூடுவே," என்று எனக்குச் சொன்னார். ஆவடி ஸ்டேஷன் தூணையும் தட்டியிருக்கிறார். பூந்தமல்லியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெருநாளுக்கு வந்தபோது, என் அம்மா கொடுத்த சேமியாப் பாயசத்தைக் குடித்துக்கொண்டே சுவரைத் தடவிப் பார்த்து, "மண் செவுரு, நல்ல கனம். பயப்படாத தூங்கு தாயீ," என்றார். யார் எங்கள் வீட்டைச் சுடப் போகிறார்கள் என்று அம்மா பயந்தே போய்விட்டாள்.

வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்த வேடிக்கைக்கு உள்ளே என்ன இருந்தது என்று எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவருக்கு ஒரே மகன், ஏழுமலை. பட்டாளத்தில் சேர்ந்து, பாதை போடவும் பதுங்குகுழி வெட்டவும் போகிற ஆட்களோடு கிழக்கே பர்மா எல்லைப்பக்கம் அனுப்பப்பட்டிருந்தான். அவன் ஏதோ ஒரு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். அந்த மூட்டை தாங்குமா, தாங்காதா? அவர் தட்டிய சுவரிடமெல்லாம் அதைத்தான் கேட்டார்.

அவனிடமிருந்து வரும் கடுதாசிகளை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் படித்துக் காட்டுவேன். பதிலையும் நானே எழுதுவேன். அதில் எனக்குப் பெருமைதான்.

இனிமேல்தான் களிமண் கதை. ஒரு நாள் கேப்டன், இந்த ஊர் மண் எதுவானாலும் மூட்டையில் நிரப்புங்கள், சுட்டுப் பார்ப்போம் என்றார். பெண்கள் அவரவருக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். கரைக்காரம்மா எல்லோரையும் அடக்கிவிட்டார்.

"ஏரிக் களிமண்ணு போட்டுப் பாருங்க. மணலு கைய வெச்சாலே சரியுது. அத்த போய் மண்ணுன்றீங்களே! களிமண்ணு, கடல் மாதிரி கீற ஏரியையே புடிச்சி நிறுத்துது. இந்த இத்தினியூண்டு குண்டு அத்த இன்னா பண்ணும்?"

யாருக்கும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. எனக்கும்தான். ஏரிக்கரையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் களிமண்ணைவிட உறுதியானது எது? மாட்டுவண்டியில் அயனம்பாக்கத்திலிருந்து களிமண் வந்தது. கரைக்காரம்மாவே வேர், கல் எல்லாம் பொறுக்கி எடுத்தார். தண்ணீர் தெளித்துப் பதமாக மிதித்தார். கரைக்கு உடைப்பு அடைக்கிற அதே பக்குவம். மூட்டையில் திணித்து, மரக்கட்டையால் இடித்து, மூன்று மூட்டை கனத்துக்கு அடுக்கினார்கள். பார்க்கவே அழகாக இருந்தது. "மவனே, இப்ப வாடா," என்று அந்தச் சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பள்ளத்தில் வந்து படுத்தார்.

பெரிய துப்பாக்கி வெடித்தது. வெள்ளைக் கொடி ஏறியது. எல்லோரும் ஓடினோம்.

முன்பக்கம் விரல் பருமனுக்கு ஒரு துளை. ஈரக் களிமண்ணை விலக்கிக்கொண்டு கரைக்காரம்மா கையை விட்டார். பூ போனது. தேள் போனது. மூன்று புள்ளியும் போனது. தோள் வரை கை உள்ளே போயும் விரலுக்கு எதுவும் தட்டவில்லை. எழுந்து பின்பக்கம் போனார். அங்கேயும் ஒரு துளை இருந்தது. மூன்று மூட்டையையும் கடந்து, பின்னால் இருந்த மேட்டில் போய்ப் புதைந்திருந்தது குண்டு. கேப்டன் சாதாரணத் துப்பாக்கியை எடுத்து அதே களிமண்ணில் சுட்டுப் பார்த்தார். அதுவும் மணலில் போவதைப்போல இரண்டு பங்கு போனது. பிறகு அதே இடத்தில் மணல் மூட்டைகளை வைத்துப் பெரியதால் சுட்டார்கள். குண்டு முதல் மூட்டையிலேயே நின்றுவிட்டது.

கேப்டன் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். ஈரக் களிமண் வழுக்கும், குண்டுக்கு வழி விட்டுவிடும். மணல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மறிக்கும், குண்டைத் தேய்த்து நிறுத்திவிடும். கரைக்காரம்மா அதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. களிமண் அப்பிய கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

மற்ற பெண்கள் கேலி பண்ணினார்கள். "இன்னா கரைக்காரம்மா, ஏரி ஒடஞ்சிபோச்சா?" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். அவர் எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"பாய், எம்புள்ளைக்கு இப்பவே ஒரு கடுதாசி எழுதணும்."

"சாப்பாட்டு மணிக்கு எழுதலாம்மா."

"இல்ல, இப்பவே. அவனுக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன். மண்ணுன்னா களிமண்ணுதான்டா, எங்க போனாலும் களிமண்ணா பாத்து எடு, மிதிச்சிப் போடுன்னு ஏழு வயசுல இருந்து சொல்லிக்கினு கீறேன். வண்டி ஏறசொல்ல கூட சொன்னேன் பாய். அவன் அத்தத்தான் செய்வான்."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

ஆபீஸில் உட்கார்ந்தோம். அவர் சொன்னார். களிமண் வேண்டாம். நான் சொன்னது தப்பு. மணல் கிடைத்தால் மணல், இல்லாவிட்டால் சரளை, அதுவும் இல்லாவிட்டால் உடைத்த கல். களிமண்தான் கிடைக்கிறது என்றால் மூன்று முழம் பத்தாது, அதற்கு மேலே போடு. அம்மா கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இவ்வளவுதான்.

நான் பேனாவை மையில் தோய்த்தேன். எதிர்ச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று அதே வாசகம் இருந்த காகிதத்தில்தான் நான் கையெழுத்துப் போட்டேன். இங்கே அளந்ததை வெளியே சொன்னால் ஜெயில். போர்முனைக்குப் போகும் கடுதாசியை வழியில் பிரித்துப் படிப்பார்கள் என்பதும் தெரியும். எது எதைத் தாங்கும் என்று ஆவடியிலிருந்து ஒரு குமாஸ்தா எழுதியிருக்கிறான், அதுவும் பாய் பையன் என்றால், சும்மா விடுவார்களா? 

பயம் மட்டும்தான் என்று சொன்னால் அதுவும் பொய். ஒரு மூலையில் அலட்சியமும் இருந்தது. பட்டாளத்தில் எத்தனை அதிகாரி, எத்தனை என்ஜினீயர். மண் சுமக்கிற ஒரு பொம்பளை சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டுமா என்று நினைத்தேன். "என்னால் இதை எழுத முடியாதும்மா, பூந்தமல்லி போஸ்ட் ஆபீஸ் வாசலில் காசுக்குக் கடுதாசி எழுதுகிறவர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் போங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அவர் எழுதிக் கொடுத்திருப்பார். அவருக்கு எந்தக் காகிதமும் கையெழுத்தும் கிடையாது. அந்த ஒரு வார்த்தை ஏன் வரவில்லை? என்னை நம்பி உட்கார்ந்திருக்கிற முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூச்சம். அவ்வளவு அற்பமான காரணம்தான்.

'இங்கு எல்லோரும் சுகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதி நிறுத்தினேன். கரைக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"நான் அவ்ளோ சொன்னேன், நீ இத்தினியூண்டு எழுதிகீறே?"

அதனால் இன்னும் எழுதினேன். ஏரியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. மழை நன்றாகப் பெய்கிறது. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. பக்கம் நிரம்பும் வரை கற்பனை பண்ணி எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். அவர் சொன்ன மண் விஷயத்தை, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, வாசிப்பது மாதிரி ஒப்பித்தேன். இன்னொரு தபா படி என்றார். படித்தேன்.

"முன்ன மூணு முழம்னு படிச்சே, இப்ப அத்த வுட்டுட்டே."

"கண்ணு தவறிடுச்சும்மா," என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். காய்ச்சல் இல்லையென்று கழுத்தைத் தொட்டுக் கண்டுபிடித்தவர், அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, உறைக்குள் அவரே வைத்தார்.

இரண்டு மாதம் போல் கழித்து ஏழுமலையிடமிருந்து பதில் வந்தது. கூட இருக்கும் யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். 'அம்மாவுக்கு ஏழுமலை எழுதிக்கொள்வது. செவலை கன்று போட்டது கேட்டு' என்று இருந்ததும் அந்த வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அடுத்த வரி இது: 'இங்கே நம் ஏரியில் கிடைப்பதுபோலவே அருமையான களிமண் கிடைக்கிறது. நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே மிதித்து, இடித்து அடுக்கியிருக்கிறேன். பார்த்துவிட்டு சுபேதார் மெச்சினார். என் அம்மா சொல்லிக் கொடுத்தது என்று சொன்னேன்.'

இதையும் விழுங்கியிருக்கலாம். வாய் முந்திவிட்டது.

கரைக்காரம்மா கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்தார். "நம்ம கடுதாசி அவன் கைல சேரலியா பாய்?"

"சேர்ந்திருக்காதும்மா. யுத்த காலம். ரயிலு, கப்பலு, எத்தனை கை மாறணும்."

"அப்ப திரும்ப எழுது. பெருசா எழுது. கண்ணுல அடிக்கிற மாதிரி எழுது."

திரும்ப எழுதினேன். களிமண் விஷயமாக அவர் சொல்லி எழுதியது மொத்தம் ஐந்து கடுதாசி. ஐந்திலும் மழையும் மாடும் நெல்லும்தான் இருந்தன. மூன்றாவதில் மண் என்கிற வார்த்தையை மட்டும் எழுதிவிட்டு, அடித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் முழுசாகச் சொல்லி முடித்ததும், "தப்பு என்னுதுன்னு எழுதிட்டியா? அவன் அம்மா சொன்னது தப்பான்னு ரோசன பண்ணுவான். அதனால அத்த மொதல்ல எழுது," என்பார். எழுதிட்டேன் என்பேன். பள்ளத்தில் படுத்திருக்கும்போது இப்போதெல்லாம் அவர் தலையைத் தூக்குவதில்லை என்பதைக் கவனித்தேன். குண்டு வெடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார்.

அச்சடித்த இங்கிலீஷ் காகிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கேப்டன் அதை என்னிடம் நீட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். போரில் இறந்தான் என்று ஒரே வரி. எந்த இடம், என்ன ஆனது, எதுவும் இல்லை. கரைக்காரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"இன்னா மண்ணுன்னு போட்டுகீதா?"

"அதெல்லாம் போட மாட்டாங்கம்மா."

"கேட்டு சொல்லு பாய். அவன் ஒக்காந்துகினு இருந்த மூட்ட, அது இன்னா மண்ணு?"

பிறகுதான் அழுதார். பெண்கள் எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அன்றைக்கு ரேஞ்சில் சுடவில்லை.

சாயங்காலம் நான் கேப்டனிடம் போனேன். மணல் நல்லது, களிமண் ஆகாது என்று ஒரு அம்மா தன் மகனுக்குக் கடுதாசி எழுதினால் அது குற்றமா என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். எந்தப் பொருள் எத்தனை இஞ்சு போட்டால் குண்டு நிற்கும் என்று ஒரு பக்கம் முழுக்க அச்சாகியிருந்தது. களிமண்ணும் இருந்தது, கடைசி வரியில். அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக இஞ்சு. இது எல்லா அதிகாரியிடமும் இருக்கிறதே, இதில் என்ன ரகசியம், நம் ஊர் மண்ணும் மரமும் எப்படி என்று பார்க்கத்தான் இங்கே சுடுகிறோம் என்றார். முன்பே என்னைக் கேட்டிருக்கலாமே என்றும் சொன்னார். கேட்டிருக்கலாம்.

அவன் செத்தது களிமண்ணால்தானா? தெரியாது. மூட்டைக்குப் பின்னால் இருந்தானா, வெளியே நடந்துகொண்டிருந்தானா, அதுவும் தெரியாது. இங்கிருந்து நான் எழுதியிருந்தாலும் அது போய்ச் சேர்ந்திருக்குமா, வழியில் மை பூசி அழித்திருப்பார்களா, தெரியாது. இப்படி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்திருக்கிறேன். எதுவும் தாங்கவில்லை. எழுதியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து அவனுடைய சாமான்கள் ஒரு பொட்டலமாக வந்தன. ஒரு சட்டை, ஒரு பித்தளைத் தட்டு, கயிற்றில் கட்டிய ஐந்து கடுதாசிகள். கரைக்காரம்மா பொட்டலத்தை ஆபீஸ் மேஜைமேல் வைத்துப் பிரித்தார். கடுதாசிகள் ஐந்தையும் வரிசையாகப் பரப்பினார். எல்லாம் மடிப்பில் நைந்து, எத்தனையோ தடவை பிரித்துப் படித்த மாதிரி இருந்தன.

"இதெல்லாம் நம்முளுதா பாய்?"

"ஆமாம்மா."

"அஞ்சும் போய் சேர்ந்துகீதா?"

இல்லை என்று சொல்ல வழியே இல்லை. ஐந்தும் கண்ணெதிரே கிடந்தன. "சேர்ந்திருக்குது," என்றேன்.

அவர் ஆள்காட்டி விரலை நீட்டினார். "மண்ணு சமாச்சாரம் எங்க எழுதிகீறே? என் விரலப் புடிச்சி அந்த எடத்துல வையி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் என்றுகூட ஞாபகம். ஆனால் நான் செய்தது, அந்த விரலைப் பிடித்து ஒரு வரியின்மேல் வைத்ததுதான். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது என்கிற வரி அது. அவர் அந்த எழுத்துகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் தடவினார். ஒரு முறை, இரண்டு முறை.

"நல்லா அழுத்தித்தான் எழுதிகீறே," என்றார். "உன்மேல ஒரு தப்பும் இல்ல பாய். படிச்சிகீறான். அஞ்சு தபா படிச்சிகீறான். கேக்கல. பெத்தவ சொல்றத கேக்காத போய்ட்டான் கழுத."

அன்றிலிருந்து அவருடைய துக்கம் கோபமாக மாறிவிட்டது. மகனைப் பற்றி யார் விசாரித்தாலும், "தலப்பாடா அடிச்சிகினேன், களிமண்ணு வோணாம்டான்னு. கேட்டானா?" என்று ஆரம்பித்துவிடுவார். ரேஷன் கடை வரிசையில் சொன்னார், ஏரிக்கரையில் சொன்னார், எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடமும் சொன்னார். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சமயத்தில் என்னைச் சாட்சிக்கும் கூப்பிடுவார். "இந்தப் பாயக் கேளு, இவுருதான் எழுதினாரு," என்பார். நான் தலையாட்டுவேன்.

யுத்தம் முடிந்து ரேஞ்சை மூடினார்கள். சுதந்திரம் வருவதற்கு முந்தின கோடையில், நெஞ்சில் சளி கட்டிக் கரைக்காரம்மா போய்ச் சேர்ந்தார். சேதி கேட்டு அயனம்பாக்கத்துக்குப் போனேன். எடுத்து முடித்திருந்தார்கள். திரும்பும்போது ஏரிக்கரைமேல் ஒரு பெண், தண்ணீரில் இறங்கி ஆடிக்கொண்டிருந்த தன் மகனைக் கரையேறச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அவன் கேட்கவில்லை. "பெத்தவ பேச்ச கேக்காத போனா, அந்த ஏழுமலைக்கு வந்த கதிதான்டா உனுக்கும்," என்றாள். அது அந்த ஊரில் பிள்ளைகளை அதட்டுகிற வார்த்தையாகவே ஆகிவிட்டிருந்தது.

ஏழுமலை அம்மா பேச்சைத் தட்டியதே இல்லை. அம்மா என்ன சொன்னாரோ அதை ஒரு பிசகும் இல்லாமல் கடைசி வரை செய்தவன் அவன். அந்த ஊரில் இது தெரிந்த ஒரே ஆளான நான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அதை அவளிடம் சொல்லாமல் பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டேன்.